மீதியை வெண்திரையில் காண விடுங்கள்

இன்னும் படம் பார்க்காதவர்களின் கோரிக்கைச் சாசனம்

அனுப்புநர்: இன்னும் படம் பார்க்காதவர்கள்.

பெறுநர்: முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், சினிமாச் செய்தி போடும் இணையதளங்களின் ஆசிரியர்கள், தயாரிப்பாளர்களும் அவர்களுடைய விளம்பரக் குழுவினரும், தியேட்டர் உரிமையாளர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் உள்ள சித்தப்பாக்கள், மாமாக்கள், அத்தை மகன்கள்.

பொருள்: நாங்கள் கேட்காத முடிவை எங்களுக்குச் சொல்லாதிருத்தல் தொடர்பாக.

ஐயா, அம்மா,

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். படம் வெளியாகும் அன்று நைட் டியூட்டியில் இருக்கும் செவிலியர். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால்தான் டிக்கெட்டைப் பற்றி யோசிக்க முடிகிற திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி. வார விடுமுறைக்குக் காத்திருக்கும் துபாய் டிரைவர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார முடியாத தாய். ஊரில் இருந்த ஒரே கொட்டகையும் கல்யாண மண்டபமாகிவிட்டதால் அடுத்த டவுனுக்குப் பஸ் ஏற வேண்டியவர். ரசிகர் காட்சி டிக்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு, "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று திரும்பி வந்தவர்களும் எங்களில் உண்டு. எங்களுக்குச் சினிமா மீது ஆசை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசை இல்லாதவனுக்கு முடிவு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

காது கேளாதவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில மல்டிபிளெக்ஸ்களில் தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடும். தமிழ் சப்டைட்டிலோடு தியேட்டரில் படம் பார்ப்பது இன்றும் அரிது. பார்வைத்திறனும் செவித்திறனும் குறைந்தவர்கள் தியேட்டரில் படம் பார்க்க வகைசெய்யும் வழிகாட்டு நெறிமுறைகளை 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்டது. அவை ஊர்க் கொட்டகை வரை இறங்கி வர நாளாகும். அதுவரை ஓடிடியில் சப்டைட்டில் வரும் நாள்தான் அவர்களுடைய முதல் நாள் முதல் காட்சி. தமிழ்ப் படங்களுக்கு அது பெரும்பாலும் நான்கு வாரம் கழித்து வருகிறது. "படம் வந்து ஒரு வாரமாச்சே, இன்னுமா பார்க்கல?" என்று கேட்கும் வாய்கள் அந்த நான்கு வாரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

முதல் காட்சிக்கே டிக்கெட் வைத்திருப்பவர்களின் கதி என்ன? 2023 பொங்கலுக்கு வந்த படங்களின் அதிகாலைக் கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் விடியற்காலைக் காட்சிகள் நின்றன. அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று 'லியோ' வந்தபோது கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே படம் தொடங்கிவிட்டது. இங்கே 9 மணிக்குத்தான். இடையில் ஐந்து மணி நேரம். சென்னையில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பாலக்காட்டுத் தியேட்டரில் எடுத்த இடைவேளைக் காட்சி அவர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி விழிக்கிற ஊர். அமெரிக்காவிலோ முந்தின நாள் மாலைக் கணக்கிலேயே பிரீமியர் காட்சி போட்டுவிடுகிறார்கள். இதற்காக 4 மணிக் காட்சியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு உயிர் போன பிறகு எடுத்த முடிவு அது, இருக்கட்டும். முதலில் பார்த்தவர்கள் ஐந்து மணி நேரம் பொறுத்தால் போதும்.

பொறுப்பது நமக்குத் தெரியாத பழக்கமா? கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். மெல்லிய தாள், மங்கிய அச்சு. நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், கூடவே 'கதைச் சுருக்கம்'. நாயகன் சிறைக்குப் போவான், நாயகிக்கு வேறு இடத்தில் நிச்சயதார்த்தம் நடக்கும், வில்லனின் கை ஓங்கும். சரியாக அந்த இடத்தில் கதை நிற்கும். "மீதியை வெண்திரையில் காண்க." அந்த நாலு பக்கத்தை எழுதியவர் பெயர்கூட அதில் இருக்காது. ஆனால் தனக்கு முடிவு தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. எந்த வரியில் பேனாவை எடுக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. லட்சக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருக்கும் விமர்சகருக்கு அந்தக் கணக்கு ஏன் பிடிபடவில்லை என்பதுதான் எங்கள் வியப்பு.

வெளியூரிலும் இந்த மரியாதை இருந்தது. பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ, 1955இல் வந்த தன் 'லே தியாபோலிக்' படத்தின் கடைசியில், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று எழுத்தே போட்டார். லண்டனில் 1952 நவம்பரில் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'தி மௌஸ்ட்ராப்' நாடகம் முடிந்ததும், நடிகர் ஒருவர் மேடையில் நின்று ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். தலைமுறைகள் மாறியும் நாடகம் ஓடுகிறது. 1960இல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களைக் கட்டுப்படுத்தினார். 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' இயக்குநர்களான ரூஸோ சகோதரர்கள் ரசிகர்களுக்குக் கடிதமே எழுதினார்கள்.

நம்மிடமும் 1954இலேயே 'அந்த நாள்' வந்துவிட்டது. எஸ். பாலச்சந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. வானொலிப் பொறியாளர் ஒருவர் படம் தொடங்கியதுமே சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டது யார் என்ற கேள்வியைத் தவிர அந்தப் படத்துக்கு வேறு முதலீடு இல்லை. பதிலை இந்தச் சாசனத்தில் எழுத மாட்டோம். எழுபது ஆண்டு கழித்து இன்று ராத்திரி முதல்முறையாக அதைப் பார்க்க உட்காரப்போகும் ஒரு கல்லூரிப் பெண் இதைப் படிக்கக்கூடும்.

எங்கள் வாதத்தின் அடிப்படை சின்னது. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் எந்த நேரமும் தெரிந்துகொள்ளலாம். விக்கிப்பீடியாவைத் திறந்தால் முழுக் கதையும் இருக்கிறது. அது கலைக்களஞ்சியம், அதனிடம் எங்களுக்குக் கோரிக்கை இல்லை. நாங்கள் அங்கே போகாமல் இருந்துகொள்வோம். ஆனால் தெரிந்துவிட்ட முடிவைத் தெரியாததாக்க யாராலும் முடியாது. ஒரு படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், முதல்முறை பார்ப்பது ஒரே ஒரு முறைதான். அந்த ஒன்றை எப்போது, எங்கே, யாரோடு செலவழிப்பது என்பதை நாங்களே முடிவு செய்ய வேண்டும். கேட்டவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். கேட்காதவர் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள். கீழே வரும் எல்லாம் இதன் விரிவுதான்.

வாட்ஸ்அப்பில் இருப்பவர்களுக்கு

இங்கே கெட்ட எண்ணம் அநேகமாக இல்லை, கை அவசரம்தான். சித்தப்பா காலைக் காட்சி பார்த்துவிட்டு வருகிறார், மனசு பொங்குகிறது, 'நம்ம குடும்பம்' குழுவில் இப்படி எழுதுகிறார்: "ஸ்பாய்லர் அலர்ட். கடைசியில தம்பிதான் கொலைகாரன்." எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி அவருக்கு. ஆனால் பூட்டிய கைப்பேசியின் திரையில் அறிவிப்பு வரும்போது இரண்டு வாக்கியமும் சேர்ந்தே தெரிகிறது. படிக்க வேண்டாம் என்று தீர்மானிக்கும் முன்பே கண் படித்து முடித்துவிடும்.

ஆகவே கேட்கிறோம்: முதல் செய்தியில் படத்தின் பெயரையும் 'முடிவு பற்றி எழுதப் போகிறேன்' என்பதையும் மட்டும் போடுங்கள். அதற்குப் பதில் வரட்டும். "சொல்லுங்க சித்தப்பா" என்று யாராவது கேட்டால், அவருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவிலேயே எழுதித்தான் தீர வேண்டும் என்றால், எச்சரிக்கைக்குக் கீழே வெறும் புள்ளிகளாக இருபது முப்பது வரி போட்டு, அதற்கும் கீழே விஷயத்தை எழுதுங்கள். வாட்ஸ்அப் நீளமான செய்தியை மடித்துவிடும். 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டவர் மட்டும் படிப்பார். டெலிகிராமில் இன்னும் சுலபம், எழுத்தையே மறைத்து அனுப்பும் வசதி இருக்கிறது.

ஸ்டேட்டஸ் வேறு சங்கதி. குழுவிலிருந்து விலகலாம், ஸ்டேட்டஸை எப்படித் தவிர்ப்பது? அக்கா மகளின் பிறந்தநாள் படத்தைப் பார்த்துக்கொண்டே விரலைத் தள்ளினால், அடுத்து உங்கள் கிளைமாக்ஸ் வீடியோ. அது 24 மணி நேரத்தில் போய்விடும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். முதல் நாளின் 24 மணி நேரம்தான் எங்களுக்கு முக்கியம்.

அந்த வீடியோவைப் பற்றி இன்னொரு விஷயம். தியேட்டருக்குள் திரையைப் படம் பிடிப்பது நாகரிகக் குறைவோடு நிற்கிற காரியமில்லை. 2023இல் நிறைவேறிய ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாமல் படத்தையோ அதன் ஒரு பகுதியையோ பதிவு செய்து பரப்புவதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. தலைவர் அறிமுகக் காட்சியை இருபது விநாடி எடுத்துப் போட்ட பிள்ளையைச் சிறைக்கு அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கச் சொல்கிறோம். பின்வரிசையில் இருப்பவருக்கும் அந்த வெளிச்சம் உறுத்தாமல் இருக்கும்.

யூடியூபுக்கும் இணையதளங்களுக்கும்

இங்கேதான் எங்கள் கோபம் அதிகம். இது கை அவசரம் இல்லை, தொழில்.

ஒரு தம்ப்நெயிலை எடுத்துக்கொள்வோம். படம் வந்த அன்று மதியம் போட்டது. இடது பக்கம் விமர்சகரின் முகம், வாய் பிளந்தபடி. வலது பக்கம் படத்தில் முதல் பாதி முழுக்க நல்லவராக வரும் நடிகர். அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதை நோக்கி மஞ்சள் அம்புக்குறி. மேலே கொட்டை எழுத்தில்: "இவரா அது?!" ஒரு வார்த்தைகூடக் கதை சொல்லவில்லை என்று அவர் சத்தியம் செய்வார். வட்டமும் அம்புக்குறியும் சொல்லிவிட்டன. வீடியோவுக்குள் நாலு முறை "ஸ்பாய்லர் இல்லாத ரிவ்யூ" என்று சொல்லி என்ன பயன்? வீடியோவைத் தொடாமல் கடந்து போனவருக்குத்தானே சேதம்? சமையல் வீடியோ தேடப் போனவருக்கு வில்லன் யார் என்று தெரிந்துவிடுகிறது.

தலைப்பு, தம்ப்நெயில், முதல் அரை நிமிடம்: இந்த மூன்றிலும் இடைவேளைக்குப் பிந்திய எதுவும் இருக்கக் கூடாது. செத்தவர் யார், கெட்டவர் யார், எதிர்பாராமல் தலை காட்டும் நட்சத்திரம் யார், அடுத்த பாகத்துக்கு வைத்த கொக்கி எது, இந்த நான்கும் படத்திலும் எழுத்திலும் வரக் கூடாது. 'முடிவு விளக்கம்' வீடியோக்களுக்கு நாங்கள் எதிரியில்லை. படம் பார்த்துவிட்டுக் குழம்பிப் போய் நாங்களும் அங்கேதான் வருவோம். அதற்கான தம்ப்நெயிலில் படத்தின் போஸ்டரைப் போட்டால் போதுமே. செய்தித் தளங்களின் தலைப்புகளுக்கும் இது பொருந்தும். "அந்தக் கதாபாத்திரத்தின் மரணம்: இயக்குநர் விளக்கம்" என்று எழுதிவிட்டு, கீழே அந்த நடிகரின் படத்தைப் போடும் உத்தியை நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

யாரும் பேசாத ஒரு மூலை உண்டு: பாட்டு வீடியோக்களின் கீழே வரும் கருத்துகள். படம் பார்க்குமுன் பாட்டைக் கேட்பது நம் ஊர் வழக்கம். தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கினால், முதல் கருத்தே இப்படி இருக்கும்: "இந்தப் பாட்டு முடிஞ்சதும் அவ செத்துடுவான்னு தெரிஞ்சு கேட்கும்போது கண்ணு கலங்குது." அதற்குப் பல்லாயிரம் விருப்பக்குறிகள். அழுதவரின் அழுகை உண்மைதான், அதை நாங்கள் கொச்சைப்படுத்தவில்லை. ஆனால் விருப்பக்குறி விழ விழ அது மேலே ஏறி, பாட்டைத் திறப்பவர் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுகிறது. பாட்டு உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்கள், படம் வந்த முதல் மாதமாவது மேலே ஏறும் கருத்துகளை ஒரு ஆள் வைத்துப் பார்க்கட்டும். கெட்ட வார்த்தையை நீக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

எங்கே நிறுத்துவது?

"அப்போ கதையைப் பத்தி ஒண்ணுமே பேசக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு படத்தை வைத்தே காட்டுகிறோம். நித்திலன் சுவாமிநாதன் இயக்கிய 'மகாராஜா' 2024 ஜூன் 14 அன்று தியேட்டருக்கு வந்தது. சலூன் கடை வைத்திருக்கும் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் வீட்டிலிருந்து 'லட்சுமி' திருடு போய்விட்டதாகப் புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது என்ன என்று தெரிந்ததும் போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள். அவரோ நகர மறுக்கிறார்; கண்டுபிடித்துத் தந்தால் லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் என்கிறார். ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளுக்கு ஏன் இவ்வளவு?

இங்கே நிறுத்த வேண்டும். பாட்டுப் புத்தகக்காரர் நிறுத்தியிருப்பார். விஜய் சேதுபதியின் நடிப்பு, போலீஸ் ஸ்டேஷன் காட்சிகளில் இருக்கும் நகைச்சுவை, வன்முறையின் அளவு, படத்தொகுப்பின் திறமை எல்லாவற்றையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை இங்கே எடுத்துக்காட்டோடு விளக்க முடியாத நிலையில் இருக்கிறோம். அந்தப் படம் ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது, நவம்பர் 29 அன்று சீனத் தியேட்டர்களுக்குப் போனது. ஒரே படத்துக்கு ஒரே ஆண்டில் மூன்று முதல் நாட்கள்.

கொலைப் படத்துக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்க வேண்டாம். அதே ஆண்டு வந்த 'மெய்யழகன்' படத்தில் கொலையில்லை, துப்பறிதல் இல்லை. நீடாமங்கலத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு வரும் ஒருவரை, உறவுக்காரர் ஒருவர் பாசத்தில் முக்கி எடுக்கிறார். இவருக்கோ அவர் யார் என்பதே நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்தின் மீதுதான் படம் நிற்கிறது. அவர் இன்னார் என்று முதலிலேயே ஒருவர் எழுதிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நெளியவேண்டிய நாம் வெறுமனே வேடிக்கை பார்ப்போம்.

"ஒரு ட்விஸ்ட் இருக்கு, ஆனா சொல்ல மாட்டேன்" என்பதும் ஸ்பாய்லரா? எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. ட்விஸ்ட் இருக்கிறது என்று தெரிந்தால் காட்சிக்குக் காட்சி எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்போம் என்று ஒரு கட்சி. அதையும் தடுத்தால் மனிதர்கள் வாயைத் திறக்கவே முடியாது என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தது. ட்விஸ்ட் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளுங்கள். எந்த நிமிடத்தில், யாரால் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தயாரிப்பாளர்களுக்கும் விளம்பரக் குழுவினருக்கும்

"படத்தின் சஸ்பென்ஸைக் காப்பாற்றுங்கள்" என்று நீங்களே அறிக்கை விடுகிறீர்கள். இரண்டு நிமிட டிரெய்லரில் முக்கால் கதையை நீங்களே சொல்கிறீர்கள். சனிக்கிழமை காலை 'வெற்றிகரமான மூன்றாவது நாள்' போஸ்டரில், வியாழக்கிழமை வரை மறைத்து வைத்த கௌரவ வேடத்து நட்சத்திரத்தை ஆளுயரத்தில் நிறுத்துகிறீர்கள். இரண்டாவது வாரம் வசூல் சரிந்தால், கிளைமாக்ஸ் சண்டையை 'ஸ்னீக் பீக்' என்று உங்கள் சேனலிலேயே ஏற்றுகிறீர்கள். ரசிகனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம் என்றால் எப்படி? டிரெய்லரில் முதல் பாதியைத் தாண்டாதீர்கள். மறைத்து வைத்த நடிகரைப் பத்து நாளாவது மறைத்து வையுங்கள்.

அதைவிட முக்கியமாக, எங்கள் கோரிக்கையை உங்கள் கேடயமாகத் தூக்காதீர்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு, தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை விடக் கூடாது என்று கேட்டது. புதிய படங்களை முதல் 3 நாட்களுக்கு இணையத்தில் விமர்சிக்கத் தடை வேண்டும் என்று வழக்கும் போட்டது. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அந்த மறுப்பை நாங்கள் வரவேற்கிறோம். "படம் மொக்கை" என்பது ஸ்பாய்லர் இல்லை. "இரண்டாம் பாதி இழுவை", "கிளைமாக்ஸ் சொதப்பல்", "நாயகிக்கு வேலையே இல்லை" ஆகியவையும் ஸ்பாய்லர் இல்லை. டிக்கெட் வாங்கியவரின் கருத்து. முடிவைச் சொல்லாமலே முடிவு கேவலமாக இருக்கிறது என்று சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

முடிவைத் தொட்டுத்தான் எழுத வேண்டிய விமர்சனங்களும் உண்டு. ஒரு படம் எந்தச் சாதிக்காரனைக் கடைசியில் சாகடிக்கிறது, எந்தப் பெண்ணைப் பலி கொடுத்து நாயகனுக்குக் கோபம் ஏற்றுகிறது என்பதெல்லாம் கிளைமாக்ஸைப் பேசாமல் பேச முடியாதவை. அவற்றை அவசியம் எழுதுங்கள். முதல் பத்தியில் ஒரு வரி அறிவிப்பு போதும், நாங்கள் படம் பார்த்துவிட்டு வந்து படிப்போம். "இதில் பாலியல் வன்முறைக் காட்சி இருக்கிறது", "தற்கொலைக் காட்சி வருகிறது" என்று முன்கூட்டி எச்சரிப்பவர்களையும் இந்தச் சாசனத்தைக் காட்டி யாரும் அடக்கக் கூடாது. அந்த எச்சரிக்கையை நம்பித்தான் சிலர் தியேட்டருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். அவர்களுடைய தேவை எங்கள் திகிலைவிடப் பெரியது.

எத்தனை நாளைக்கு?

காலவரம்பு இல்லாத கோரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள். நாங்கள் கேட்பது இது: படம் தியேட்டருக்கு வந்து பத்து நாள் வரை, பொதுவெளியில் முடிவு பற்றிப் பேச்சே வேண்டாம். ஓடிடியில் வந்து முதல் ஞாயிறு கழியும் வரை, எச்சரிக்கையோடு பேசலாம். அதற்குப் பிறகு வாய்ப்பூட்டு இல்லை. தம்ப்நெயிலிலும் தலைப்பிலும் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்ற கேள்வி 2015 ஜூலையில் பிறந்து 2017 ஏப்ரல் 28 வரை உயிரோடு இருந்தது. அந்தக் காலத்தில் அதைக் காப்பாற்றியிருந்தால் புண்ணியம். இன்று அதை ஸ்பாய்லர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், அவரை நாங்களே திருப்பி அனுப்புவோம்.

கூத்தைக் காட்டி மடக்குபவர்களுக்கு

"தெருக்கூத்துல துரியோதனன் சாவான்னு தெரியாதா? தெரிஞ்சேதானே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம்?" என்பார்கள். நல்ல கேள்வி. கூத்து பார்க்க வருகிறவர் பாரதக் கதையைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார். இன்றைக்கு இந்த வாத்தியார் அதை எப்படி ஆடப்போகிறார் என்பது அவருடைய ஆவல். 'விதி' படத்தின் வசனக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர்களும் கோர்ட் காட்சியில் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் கேட்டார்கள். 2013இல் மலையாள 'த்ரிஷ்யம்' பார்த்தவர்களே 2015இல் அதன் தமிழ் மறு ஆக்கமான 'பாபநாசம்' பார்க்கவும் போனார்கள். தெரிந்து பார்ப்பதில் தனி ருசி உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் எல்லாரும் அதைத் தாமே தேர்ந்துகொண்டவர்கள். எங்களுக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை என்பதுதான் புகார்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011இல் இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வையும் சிலர் நீட்டுவார்கள். முடிவு முன்பே தெரிந்து படித்தவர்கள் கூடுதலாக ரசித்தார்கள் என்று அது சொன்னது. நேர்மாறாகச் சொன்ன ஆய்வுகளும் பின்னால் வந்தன. ஆய்வு எப்படியும் போகட்டும். எனக்கு எது ருசிக்கும் என்பதை என் மாமா மகன் தீர்மானிக்க வேண்டியதில்லை.

எங்கள் தரப்பு உறுதிமொழி

கேட்டுக்கொண்டே இருந்தால் போதாது. 'ஸ்பாய்லர் உண்டு' என்று எழுதிய பதிவைத் திறந்து படித்துவிட்டு அங்கேயே சண்டை போட மாட்டோம். எக்ஸ் தளத்தில் படத்தின் பெயர், நாயகன் பெயர், வில்லன் பெயர் எல்லாவற்றையும் நாங்களே மியூட் செய்துகொள்வோம். ஆபீஸ் கேன்டீனில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தால், தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போவோம். மூன்று வாரம் அவர்கள் வாயைக் கட்டிப்போட மாட்டோம். தெரியாமல் சொல்லிவிட்டவர் மீது எரிந்து விழ மாட்டோம். வேண்டுமென்றே சொல்பவரைக் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன், குழு அட்மின் அவருக்கு ஒருமுறை தனியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். போட்டி நடிகரின் ரசிகர்கள் படத்தைக் கவிழ்க்க முடிவைப் பரப்பினால் அந்தச் சலுகையும் தேவையில்லை. நாளைக்கு நாங்கள் முதலில் பார்க்கும் படம் ஒன்று வரும். அன்று இந்தச் சாசனம் எங்களையும் கட்டும்.

கடைசியாக, தியேட்டர் உரிமையாளர்களுக்கு

காலைக் காட்சி விட்டு வரும் கூட்டமும் மேட்னிக்கு நிற்கும் கூட்டமும் ஒரே படிக்கட்டில் இடித்துக்கொள்ளும் தியேட்டர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. வெளியே வருகிறவர்கள் முடிவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த உற்சாகத்துக்காகத்தானே படமே எடுக்கிறார்கள். இடம் இருந்தால் வெளியேறும் வழியைத் தனியாக விடுங்கள். இடம் இல்லையென்றால் கூட்டம் கலையும் வரை மேட்னி வரிசையைப் பத்து நிமிடம் கேட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். வெயிலாக இருந்தால் ஒரு பந்தல் போடுங்கள்.

வாசலில் மைக்கோடு நிற்கும் சேனல்காரர்களைத் துரத்த வேண்டாம், பிழைப்பு. டிக்கெட் வரிசைக்குப் பக்கத்தில் நின்று "படம் எப்படிங்க, கிளைமாக்ஸ் என்ன ஆச்சு?" என்று கத்திக் கேட்காமல் இருந்தால் போதும். மேட்னி கூட்டம் உள்ளே போய்க் கதவு சாத்திய பிறகு மைக்கை நீட்டலாம். படம் பார்த்தவர் எங்கேயும் போயிருக்க மாட்டார்; எதிர் டீக்கடையில் நின்று, கேட்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
இன்னும் பார்க்காதவர்கள்